மடாலயத்துக்குக் கொடுப்பதென்றால் முதலில் கூரைக்குக் கொடுங்கள்

புத்த மடாலயம் ஒன்றுக்கு ஏதாவது செய்ய ஆசை, யாருக்குக் கொடுக்கலாம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் லடாக்கின் லே, இமாச்சலத்தின் ஸ்பிதி பக்கம் சுற்றுலா போய்வந்தவர்கள். முலாம் பூசிய புத்தர் சிலை, புதிய பிரார்த்தனை மண்டபம், வாசலில் பெரிய பிரார்த்தனைச் சக்கரம் என்று ஏதோ ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அங்கே கூரை ஒழுகுகிறதா? பனி விழுந்தால் ஏறித் தள்ள ஆள் இருக்கிறாரா?

கட்டடப் பொறியியல் என் தொழில். சென்னையில் என்னோடு வேலை பார்த்த லடாக்கி நண்பர் ஒருவர், தன் ஊர் லாகாங்கின் மேல்தளம் தொய்ந்துவிட்டது, ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். ஊருக்குப் பொதுவான சிறிய கோயில்தான் லாகாங். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் பெரிய மடாலயத்தைச் சேர்ந்தது. அந்தக் கூரையைப் பார்க்கப் போன நான் சில கோடைகளாக அந்த ஊரோடு சேர்ந்து வேலை செய்துவருகிறேன். ஊர்ப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உள்ளே பழைய உலோகத் திருமேனிகள் இருக்கின்றன, கதவுக்கு இருப்பது ஒரே ஒரு பூட்டு. நீங்களும் இப்படி ஒரு கோயிலுக்கு உதவினால், சிலைகளின் படத்தையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சமூக வலைதளத்தில் போடாதீர்கள். படம் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு சிலையையும் சுவடியையும் படமெடுத்து, அளவெடுத்து, பட்டியல் போட்டு ஊர்க் குழுவிடமும் தாய் மடாலயத்திடமும் கொடுப்பதே பெரிய உதவி. 100 வயது தாண்டிய சிலையும் 75 வயது தாண்டிய சுவடியும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. திருட்டுப் போனால் இது எங்களுடையது என்று காட்ட அந்தப் பட்டியல்தான் ஆதாரம்.

இப்போது கூரைக்கு வருகிறேன். எல்லாமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

லடாக்கின் பழைய கட்டடங்களில் கூரை தட்டையானது, மண்ணால் ஆனது. பாப்லர் மர உத்தரங்களுக்குமேல் வில்லோ மரக் குச்சிகளை நெருக்கி அடுக்குவார்கள். அதன்மேல் புல்லோ புதர்ச்செடியோ பரப்பி, மண்ணைக் கொட்டி மிதித்து இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மார்க்கலாக் என்ற களிமண் பூச்சு வரும். அந்தக் களிமண் எல்லா இடத்திலும் கிடைக்காது, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதற்கென்று ஒரு மலைச்சரிவு உண்டு. நனைந்தால் உப்பி, தன் இடுக்குகளைத் தானே அடைத்துக்கொள்ளும். லே நகரில் வருடம் முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே 100 மில்லிமீட்டர் அளவுதான். சென்னையில் அதை ஒரே இரவில் பார்த்திருக்கிறோம். அந்த வறண்ட வானத்துக்கு ஏற்ற கூரை அது.

ஆனால் வானம் முன்புபோல் இல்லை. 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டி லேயிலும் சுற்றுவட்டாரத்திலும் மேகவெடிப்பு ஏற்பட்டு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வளவு கொடூரமாக இல்லாவிட்டாலும், கோடையில் விடாமல் தூறும் நாட்கள் இப்போது அடிக்கடி வருவதாக ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பனியை உடனுக்குடன் தள்ளிவிடலாம். தூறலை என்ன செய்வது? ஒவ்வொரு ஒழுகலுக்கும் இன்னொரு கூடை மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் வழக்கம். எங்கள் லாகாங்கின் கூரையை வெட்டிப் பார்த்தபோது அப்படிக் கொட்டிய மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது, ஒவ்வொன்றும் வேறு வேறு நிறத்தில். ஒழுகலை நிறுத்தப் போட்ட மண்ணின் பாரத்தால் உத்தரம் வளைந்திருக்கிறது. வளைந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. தேங்கியதால் மறுபடி ஒழுகி, மறுபடி மண் விழுந்திருக்கிறது. முதலில் செய்ய வேண்டியிருந்தது பாரத்தை இறக்குவது.

கூரை ஒழுகினால் போவது கூரை மட்டும் இல்லை. உள்ளே சுவரோவியங்கள் மண்பூச்சின்மேல், பசை கலந்த நிறங்களால் உலர்ந்த சுவரில் தீட்டப்பட்டவை. தண்ணீர் பட்டால் அந்த நிறம் கரையும். மேலிருந்து இறங்கும் சேற்றுநீர் போதிசத்துவரின் முகத்தில் பழுப்புக் கோடாக ஓடி உறைந்துவிடும். அதனால் ஓவியத்துக்கென்று யாராவது பணம் கொடுக்க முன்வந்தாலும் கூரை முடியும்வரை ஓவியத்தில் கை வைக்கக் கூடாது. எங்கள் குழுவில் இதை யாரும் மாற்றிப் பேசுவதில்லை.

இந்த இடத்தில்தான் சிமெண்ட் வரும். ஒரு நல்ல மனதுக்காரர், லாரி நிறைய சிமெண்ட் மூட்டைகளும் கம்பியும் அனுப்புகிறேன், ஒரேயடியாகக் கான்கிரீட் போட்டுவிடுங்கள் என்றார். ஊரில் பாதிப் பேருக்கு அது பிடித்திருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, கூரையேறி மண் மிதித்துச் சலித்தவர்கள். நான் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். மண்சுவர் ஈரத்தை வாங்கும், பிறகு வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூச்சு ஏறினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். குளிர்காலத்தில் அது உறைந்து விரிந்து, சுவரை உள்ளிருந்தே உடைக்கும். கான்கிரீட் தளத்தின் பாரமோ தனி. பூமி அதிர்ந்தால் பலவீனமான மண்சுவர்களால் அதைத் தாங்க முடியாது. ஸ்பிதியில் தாபோ மடாலயம் 996-இல் தொடங்கப்பட்டது. அதுவும் மண் கட்டடம்தான். 1975 ஜனவரியில் கின்னௌர் நிலநடுக்கம் வந்தபோது சேதம் ஏற்பட்டது, ஆனாலும் பழைய கோயில் ஓவியங்களோடு இன்றும் நிற்கிறது. மண் ஏழைகளின் பொருள், கான்கிரீட்தான் முன்னேற்றம் என்ற நினைப்பு அங்கேயும் வேரூன்றிவிட்டது. கொடையாளி அதற்கு உரம் போடக் கூடாது என்பது என் கருத்து.

சிமெண்டை அனுப்ப இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னபோது புரிந்துகொண்டார். அதே பணத்தில் பாப்லர் உத்தரங்கள் வாங்கினோம். பொருளாகக் கொடுக்காமல் பணமாகக் கொடுங்கள், என்ன வாங்குவது என்பதை ஊரும் கொத்தனாரும் முடிவு செய்யட்டும் என்று நான் இன்றுவரை சொல்வதற்கு அவர் ஒத்துக்கொண்ட விதமும் ஒரு காரணம்.

வேலையை நடத்தியது ஊரின் மூத்த கொத்தனார். எல்லோரும் அவரை மேமே-லே, அதாவது தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. பெயரோடு சேரும் 'லே' அங்கே மரியாதைச் சொல். எந்தச் சரிவில் எந்தப் பக்கம் தோண்டினால் நல்ல மார்க்கலாக் கிடைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். கொஞ்சம் களிமண்ணைக் குழைத்து உருட்டித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். உருண்டை கரையாமல் நின்றால் தலையாட்டுவார். நான் போட்ட கணக்கு உத்தரத்தின் குறுக்களவையும் இடைவெளியையும் சரிபார்க்கத்தான் பயன்பட்டது. நீர் வடிய எவ்வளவு சரிவு வேண்டும், மரத்தூம்பு சுவரைவிட்டு எவ்வளவு நீள வேண்டும் என்பதெல்லாம் அவர் கண்ணளவு. ஒருநாள் கேட்டேன், "மேமே-லே, உங்களுக்குப் பிறகு இதை யார் செய்வார்கள்?" "கூலி கொடுத்தால் என் பேரன்கூட வருவான் இன்ஜினியர்-லே, இனாமாக என்றால் லேயில் டாக்சி ஓட்டப் போய்விடுவான்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் செலவுத் திட்டத்தில் பயிற்சி பெறும் இரண்டு இளைஞர்களுக்கான கூலி ஒரு நிரந்தரச் செலவாகிவிட்டது. கூரை போடத் தெரிந்த கை அடுத்த தலைமுறையில் இல்லையென்றால் இப்போது போடும் கூரைக்கும் ஆயுள் இல்லை.

அதற்காக ஊர்க்காரர்களின் உழைப்பை முழுவதும் கூலியாக மாற்றிவிடவும் கூடாது. வீட்டுக்கு ஒருவர் என்று முறைவைத்து வந்தார்கள். மண் சுமந்தார்கள், வெண்ணெய்த் தேநீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். கொத்தனார், தச்சர், டிராக்டர், மரம், மதியச் சாப்பாடு இவற்றுக்கு மட்டும் கொடைப் பணம். லடாக்கிலேயே பாஸ்கோ என்ற ஊரில் பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு இது. பாஸ்கோவின் மைத்ரேயர் கோயில்கள் இடியும் நிலைக்குப் போய், 2000-இல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆபத்துப் பட்டியலில் இடம்பெற்றன. அந்த ஊர்க்காரர்களே பாஸ்கோ நலக் குழு என்று ஒன்று அமைத்து, வெளி வல்லுநர்களின் துணையோடு வேலையை நடத்தினார்கள். 2007-இல் ஆசிய-பசிபிக் பகுதிக்கான யுனெஸ்கோ பாரம்பரிய விருதுகளில் உயர்ந்த விருது அதற்குக் கிடைத்தது. வெளியிலிருந்து வந்த பணமும் அறிவும் ஊரின் கைக்குள் அடங்கி வேலை செய்ததால்தான் அது நடந்தது என்று நான் நம்புகிறேன்.

கூரையைப் பிரிக்கும் முன்னால் சடங்கு உண்டு. தாய் மடாலயத்திலிருந்து லாமாக்கள் வந்து, கோயிலில் குடியிருக்கும் தெய்வங்களை ஒரு கண்ணாடிக்குள் எழுந்தருளச் செய்தார்கள். வேலை முடிந்ததும் மறுபடி பிரதிஷ்டை. நம் ஊரில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் பாலாலயம் செய்வதை அப்படியே பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. நாள் பார்ப்பது, லாமாக்களின் பயணம், காணிக்கை, ஊர்ச் சாப்பாடு என்று இதற்கும் செலவு ஆகும். கட்டட வேலைக்குத்தான் என் பணம், பூஜைக்கு இல்லை என்று சொல்லும் கொடையாளிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சடங்கு நடக்காமல் அங்கே யாரும் மண்வெட்டியை எடுக்க மாட்டார்கள். ஆகவே அதைத் திட்டத்தின் முதல் செலவாகவே எழுதிவிடுங்கள்.

கூரை முடிந்த பிறகு ஓவியப் பேச்சு வந்தது. அது லேசில் முடியவில்லை. பக்கச் சுவரில் தாரா தேவியின் முகம் பாதிக்குமேல் அழிந்திருந்தது. ஓவியப் பாதுகாப்பு வல்லுநர், இருப்பது உதிராமல் நிலைப்படுத்துவோம், அழிந்த இடத்தை மண்பூச்சால் நிரப்பிச் சுற்றியுள்ள நிறத்துக்கு இசைவாக விடுவோம், புது முகம் வரைய வேண்டாம் என்றார். ஊர்ப் பாட்டிகளுக்கு அது ஏற்கவில்லை. கண் இல்லாத தாயை எப்படிக் கும்பிடுவது? லேயிலிருந்து ஓவியர் ஒருவரைக் கூட்டிவந்தால் பளிச்சென்று எழுதிவிடுவாரே? வல்லுநர் சொன்னதில் எனக்கு உடன்பாடுதான். பழைய கோடுகள் ஒருமுறை புதுச் சாயத்துக்கு அடியில் போய்விட்டால் திரும்பாது. இமயமலை மடாலயங்களில் பல நல்ல சுவர்கள் பக்தியோடு பூசிய எனாமல் பெயிண்டாலேயே போயிருக்கின்றன. ஆனால் பாட்டிகள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அது கண்காட்சிக் கூடம் இல்லை, அவர்கள் தினமும் காலையில் வந்து வலம்வரும் இடம். கடைசியில் கொன்யேர், அதாவது கோயிலைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்பவர், ஒரு வழி சொன்னார். சுவரைத் தொட வேண்டாம், அதன் முன்னால் தாராவின் புதிய தங்கா, அதாவது துணியில் தீட்டிய ஓவியம் ஒன்றை மாட்டுவோம், சுவரில் உரசாமல் தள்ளித் தொங்கட்டும். அந்தத் தங்காவுக்கான பணத்தைப் பாட்டிகளே தங்களுக்குள் சேர்த்தார்கள். வெளியார் ஒருவரும் ஒரு ரூபாய்கூடப் போட அவர்கள் விடவில்லை.

வெண்ணெய் விளக்கு விஷயமும் இப்படித்தான். புண்ணியத்துக்காக நூறு விளக்கு, ஆயிரம் விளக்கு என்று காணிக்கை கொடுப்பார்கள். இப்போது பெரும்பாலும் வனஸ்பதிதான் எரிகிறது. அந்தப் புகை சுவரெல்லாம் கரியாகப் படியும், தீ அபாயமும் உண்டு. பல மடாலயங்களில் விளக்குகளுக்கென்று வெளியே தனி அறை கட்டிவிட்டார்கள். நீங்கள் விளக்குக் காணிக்கை கொடுக்க விரும்பினால் அப்படி ஒரு தனி அறை இருக்கும் இடத்தில் கொடுங்கள். இல்லாத இடத்தில் அந்த அறை கட்டுவதற்கே கொடுங்கள்.

பணம் கொடுக்கும் வழிகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். முதலில், அந்தக் கட்டடம் யாருடையது என்று கேளுங்கள். லடாக்கின் ஆல்ச்சி, ஸ்பிதியின் தாபோ போன்ற மடாலயங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ஆல்ச்சியில் அன்றாட வழிபாட்டைப் பார்த்துக்கொள்வது லிக்கிர் மடாலயம், ஆனாலும் துறையின் அனுமதி இல்லாமல் அங்கே பழுதுபார்க்க முடியாது. சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்கே இடமில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்குக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு, மத்திய அரசு 1996-இல் அமைத்த தேசியக் கலாச்சார நிதியம் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு சின்னத்துக்கென்று சொல்லியே கொடுக்கலாம். ஆனால் இமயமலை முழுவதும் எந்தப் பட்டியலிலும் வராத சின்னச் சின்ன லாகாங்குகள்தான் அதிகம். என் மனம் அவற்றின் பக்கம்தான் போகிறது. பெரிய மடாலயத்துக்குச் சுற்றுலாப் பயணிகளின் நுழைவுக் கட்டணமாவது வரும்.

அடுத்தது, பதிவு செய்யப்பட்ட சங்கமோ அறக்கட்டளையோ இருக்கிறதா, அதன் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தனிமனிதர் கணக்குக்கு அனுப்பாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நாளைக்குக் கணக்குக் கேட்கும்போது அவருக்கே அது சங்கடம். வரிச்சலுகை வேண்டுமென்றால் அந்த அமைப்புக்கு அதற்கான பதிவு இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தங்கள் கொடுக்க விரும்பினால் கவனம் தேவை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். கிராமச் சங்கங்கள் பலவற்றுக்கு அது இருக்காது. தெரியாமல் அனுப்பினால் மாட்டிக்கொள்வது ஊர்க்காரர்கள்தான்.

நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களையும் கலைப்பொருட்களையும் புதுப்பிப்பது நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் (சிஎஸ்ஆர்) செலவாகவே இடம்பெற்றிருக்கிறது. மதப் பணி என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். பாரம்பரியப் பாதுகாப்பு என்று சரியான வரைபடம், படங்கள், மதிப்பீட்டோடு போனால் கேட்பார்கள். இமாலயப் பண்பாட்டைப் பாதுகாப்பதற்கும் பௌத்த, திபெத்தியக் கலைகளுக்கும் மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் உதவித் திட்டங்கள் உண்டு. ஊர்க் குழுவில் இருப்பவர்கள் விவசாயிகள். அந்த விண்ணப்பப் படிவத்தோடு மல்லுக்கட்ட அவர்களுக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. கணக்குத் தணிக்கை தெரிந்தவர், வரைபடம் போடத் தெரிந்தவர், ஆங்கிலத்திலோ இந்தியிலோ விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் தன் நேரத்தைக் கொடுத்தால், அது பல லட்சத்தைக் கொண்டுவரும். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காத சில நண்பர்கள் எங்களுக்கு இப்படித்தான் பெரிய கொடையாளிகளானார்கள்.

இதெல்லாம் ஒருமுறை பழுதுபார்ப்பதற்கு. அப்புறம்? கூரைமேல் பனி விழும். அன்றைக்கே தள்ளாவிட்டால் வெயிலில் உருகி மண்ணுக்குள் இறங்கும். முன்பு மடாலயத்துக்கு வயல் இருந்தது, ஊரே சேர்ந்து உழுதது, வீட்டுக்கு ஒரு பையன் துறவியாகப் போனான். இன்று பிள்ளைகள் படிக்க லே, ஜம்மு, சண்டிகர் என்று போய்விடுகிறார்கள். துறவியாகப் போகிறவர்களில் பலரும் கர்நாடகத்தில் பைலகுப்பே, முண்ட்கோடு மடாலயங்களில் படிக்கிறார்கள். குளிர்காலத்தில் ஊரில் மிஞ்சுவது முதியவர்கள்தான். எங்கள் கொன்யேருக்கும் வயதாகிறது, ஏணியில் ஏறுவது கஷ்டம்.

அதனால் திரட்டிய பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டோம். வட்டியில் கொன்யேருக்கு மாதச் சம்பளம், பனி தள்ள ஒரு இளைஞருக்குக் குளிர்காலக் கூலி, வருடம் ஒருமுறை கூரைப் பூச்சு. 10 லட்சம் வைப்பு, 7 சதவீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 70,000 ரூபாய். சின்ன லாகாங்குக்கு அது பெரிய பலம். இப்படிச் சேர்ப்பது கடினம் என்பதும் உண்மை. சிலைக்குக் கேட்டால் உடனே கொடுப்பவர்கள், வைப்புநிதி என்றால் யோசிக்கிறார்கள். அவர்களிடம் நான் நாகப்பட்டினத்தைச் சொல்வேன். ஸ்ரீவிஜய அரசர் அங்கே சூடாமணி விகாரம் எழுப்பியபோது, ராஜராஜ சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தையே அதற்கு விட்டுக்கொடுத்தார். 97 வேலி அளவு நிலம், 8,900 கலத்துக்கு மேல் நெல் என்று லெய்டன் செப்பேடு சொல்கிறது. மகன் ராஜேந்திரன் அதை நிலைப்படுத்தினார். 1090-இல் முதலாம் குலோத்துங்கன் காலச் செப்பேட்டிலும் விகாரத்துக்கான சலுகைகள் பேசப்படுகின்றன. கட்டியதோடு விட்டுவிடாமல், வருடா வருடம் அது எதை வைத்து நடக்கும் என்று யோசித்துக் கொடுத்தவர்கள் நம் மண்ணிலேயே இருந்திருக்கிறார்கள்.

துறவிகளின் படிப்புக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. கர்நாடக மடாலயங்கள் பலவற்றில் ஒரு மாணவரின் உணவு, மருத்துவம், படிப்புக்கு மாதாமாதம் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. நேரில் போய் அலுவலகத்தில் பேசி, ரசீது வாங்கிக் கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட பையனின் பெயரில் கொடுப்பதைவிட, பொதுச் சமையலறைக்கோ மருத்துவ நிதிக்கோ கொடுப்பதை நான் விரும்புகிறேன். ஆதரவாளர் கிடைக்காத பையனும் அதே பந்தியில்தானே உட்காருகிறான்.

கடைசியாகக் காலக் கணக்கு. லடாக்கில் மண்வேலை மே மாதம் தொடங்கி செப்டம்பருக்குள் முடிய வேண்டும். பூச்சு காய்வதற்குள் உறைபனி வந்தால் அவ்வளவும் உதிர்ந்துவிடும். மரத்தை அதற்கு முன்பே வெட்டி, பட்டை உரித்து, காயப்போட்டிருக்க வேண்டும். ஜூலையில் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு ஆகஸ்டில் மனமுருகி அனுப்பும் பணம் அந்த வருட வேலைக்கு உதவாது. அடுத்த கோடைக்குக் கொடுக்க நினைப்பவர்கள், சங்கத்தின் சென்ற ஆண்டுக் கணக்கை இந்த இலையுதிர் காலத்திலேயே கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, பிப்ரவரிக்குள் அனுப்பிவிடுங்கள். எங்கள் ஊரில் அடுத்து எடுக்கவிருப்பது லாகாங்கின் பின்பக்க வடிகால். மலையிலிருந்து இறங்கும் நீர் வடக்குச் சுவரின் அடியில் தேங்குகிறது, அதைச் சுற்றிவிட ஒரு கல்வாய்க்கால் வேண்டும். மேமே-லே கல் பார்த்து வைத்துவிட்டார்.